கொலை வழக்கில் குடும்பம் கேட்டு வாங்க வேண்டியவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதம் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. மகன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "எஃப்.ஐ.ஆர். பத்திரமா வச்சிருக்கேன் தம்பி" என்றார். வாங்கிப் படித்தேன். அது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் கொடுத்ததை ஸ்டேஷனில் குறித்துக்கொண்டதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். அவர் புகாரை வைத்து வழக்கே பதிவாகவில்லை. வேறொரு எஃப்.ஐ.ஆர். இருந்தது. அது கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில், சந்தேக மரணம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-வது பிரிவில் போடப்பட்டது. கொலை வழக்கு நடக்கிறது என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்.

வக்கீலாக நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இதுதான். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. புகார்தாரருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. கொலையானவரின் சட்டப்படியான வாரிசும் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள் வருவார். நகல் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: என்ன பிரிவு, புகார்தாரர் யார், சம்பவ நேரமும் புகார் நேரமும் என்ன. 194 என்றிருந்தால் அது இன்னும் கொலை வழக்கு ஆகவில்லை என்று அர்த்தம். பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 103 என்றிருந்தால்தான் கொலை. முதலில் 194 போட்டு, பிறகு பிரிவை மாற்றுவது வழக்கம்தான். மாற்றினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றவில்லை, உங்கள் புகாரையும் கண்டுகொள்ளவில்லை என்றால் எஸ்.பி.க்கு எழுத வேண்டும். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

புகார்தாரர் யார் என்பதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊரில் கிணற்றிலோ தண்டவாளத்திலோ உடல் கிடந்தால் பெரும்பாலும் வி.ஏ.ஓ.தான் புகார் எழுதிக் கொடுப்பார். நாளைக்கு போலீஸ் வழக்கை முடித்துக்கொள்வதாக அறிக்கை தாக்கல் செய்தால், அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்குத்தான் போகும். பகவந்த் சிங் வழக்கில் 1985-ல் உச்சநீதிமன்றம் சொன்னது இது: புகார்தாரருக்குக் கட்டாயம் நோட்டீஸ் தர வேண்டும்; இறந்தவரின் உறவினர் நேரில் வந்தால் அவரையும் கேட்க வேண்டும், ஆனால் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு தபால் போய், உங்களுக்குத் தெரியாமலே வழக்கு முடிந்துபோகலாம். அதனால் முதல் வாரத்திலேயே உங்கள் பெயரில் ஒரு மனு, விசாரணை அதிகாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அப்புறம், அசல் காகிதம் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிட்டு முத்திரை குத்த அதில் இடம் இருக்காது.

அடுத்தது தாமதம். ஆதாரம் எல்லாம் போலீஸிடம் இருக்கிறது, விசாரணை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பம் காத்திருக்கும். துக்க வீட்டில் வேறு எதை யோசிக்க முடியும்? ஆனால் கடைத்தெரு கேமரா காத்திருக்காது. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் பதினைந்து நாள், ஒரு மாதம் தாண்டினால் எதுவும் மிஞ்சாது.

கேமரா பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். கடத்திக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்தபோது பதிவான காட்சி அது. முக்கிய சாட்சி முதலில் சொன்னதை மாற்றிப் பேசி பிறழ்சாட்சி ஆன பிறகும் வழக்கு நின்றதற்கு அந்தப் பதிவு பெரிய காரணம். மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கே நேரில் போய் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது. மறுபக்கம், போலீஸ் காவலில் அப்பாவும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கு. 2020-ல் அங்கே விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், காவல் நிலையக் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லாமல் அல்ல, தாராளமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளைப் பதினெட்டு மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

சரி, குடும்பம் என்ன செய்யலாம்? எந்தக் கடை, எந்தப் பெட்ரோல் பங்க், எந்தப் பக்கம் பார்த்த கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று ஒரு பட்டியல் எழுதி, "இவற்றைக் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டுகிறேன்" என்று விசாரணை அதிகாரிக்குக் கொடுங்கள். கடைக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள். நீங்களே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க, சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் இது 65பி. வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த வீடியோவுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

இறந்தவரின் போன் வீட்டில் இருந்தால் பேட்டர்ன் போட்டுத் திறந்து நோண்டாதீர்கள். போலீஸிடம் கொடுக்கும்போது மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் குறிப்பிட்ட மகஜரோ (கைப்பற்றியதை எழுதிக் கையெழுத்திடும் பட்டியல்) ஒப்புகையோ வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகப்படும் ஆளின் படத்தை "இவன்தான் கொலைகாரன்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த சாட்சி நாளை அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்டினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே கேள்வி போதும்: "போனில் பார்த்த முகத்தைத்தானே காட்டினீர்கள்?" நேரில் பார்த்த நல்ல சாட்சியின் வார்த்தை இப்படி வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலை எரிக்க அவசரப்படாதீர்கள். எரித்தபின் மறு உடற்கூறாய்வு கேட்க வழியே இல்லை. காவலில் நடந்த மரணம் என்றால், 2020 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தந்த உத்தரவு இருக்கிறது: ஆய்வுக்கு முன் உடலைப் பார்க்கவும், ஆய்வு அறிக்கையும் வீடியோவும் பெறவும் வாரிசுகளுக்கு உரிமை உண்டு.

இனி குற்றப்பத்திரிகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 207-வது பிரிவுப்படி நகல்கள் குற்றம்சாட்டப்பட்டவருக்கு மட்டும்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் நகல் மனு போட்டு அலைய வேண்டும். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். இதை மாற்றியது. 230-வது பிரிவுப்படி குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலங்கள், உடன் தாக்கலான மற்ற ஆவணங்கள் எல்லாம் பாதிக்கப்பட்டவருக்கும் தரப்பட வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள். ஆவணங்கள் மிக அதிகம் என்றால் மின்னணு வடிவில் தரலாம், அல்லது நீதிமன்றத்தில் பார்வையிட அனுமதிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உங்களுக்கு வக்கீல் இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் உரிமையை இழக்கின்றன. "அரசு வக்கீல் இருக்காரே, நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிடுகிறார்கள். வக்காலத்து போடாதவரைத் தேடி வந்து யாரும் நகல் தர மாட்டார்கள். பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனைவி அல்லது அம்மா பெயரில் விண்ணப்பித்தால் அந்தக் கேள்வியே வராது.

அதற்கு முன்பே, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. 193-வது பிரிவு. தெரிவிக்கவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் கேஸ் டைரியைக் கேட்டு மட்டும் நாளை வீணாக்காதீர்கள். அதை நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கலாமே தவிர, குடும்பத்துக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லை.

வழக்கு எண் மாறுவதும் குழப்பும். ஸ்டேஷனில் குற்ற எண், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண், செஷன்ஸுக்கு அனுப்பியதும் எஸ்.சி. எண். பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தால் வாய்தா தேதி தெரியாமல் போகும்.

வக்கீல் வைத்தாயிற்று, இனி அவரே சாட்சிகளைக் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2019-ல் ரேகா முரார்க்கா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்கை நடத்துவது அரசு வக்கீல், உங்கள் வக்கீல் அவருக்கு உதவலாம், கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம், கடைசியில் எழுத்துப்பூர்வ வாதம் தரலாம். அதனால்தான் ஆவணங்களை நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே படிப்பது இத்தனை முக்கியம். எந்த சாட்சி விட்டுப்போயிருக்கிறார், எந்த கேமரா பட்டியலில் இல்லை என்று அரசு வக்கீலிடம் அப்போதே சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

யார் படிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டில் யாராவது நேரில் பார்த்த சாட்சியாக இருந்தால், மற்றவர்கள் கொடுத்த வாக்குமூலங்களை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் பார்த்ததை அவர் சொல்லட்டும். படித்துவிட்டுப் பேசினால் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று ஆகிவிடும். சாதி சங்க குரூப்பிலோ சொந்தக்காரர் குரூப்பிலோ பக்கங்களைப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். அதில் சாட்சிகளின் பெயரும் ஊரும் இருக்கும்.

அந்த நகல் கட்டுக்குள் உடற்கூறாய்வுப் படங்களும் இருக்கும். ஒரு அப்பா நகல் வாங்கிய அன்றே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் தனியாக உட்கார்ந்து அந்த சி.டி.யைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த மூன்று வாய்தாவுக்கு அவரால் நீதிமன்றப் பக்கமே வர முடியவில்லை. அதிலிருந்து, படங்கள் உள்ள பக்கங்களையும் சி.டி.யையும் தனி உறையில் போட்டு ஒட்டி, உறை மேல் என்ன இருக்கிறது என்று எழுதித்தான் குடும்பத்திடம் கொடுக்கிறேன். பார்த்தே ஆக வேண்டும் என்றால் என் அலுவலகத்துக்கு வாருங்கள், கூட யாரையாவது அழைத்து வாருங்கள் என்று சொல்லியனுப்புகிறேன்.