ரேஸ் அட்டையில் ஒரு வரியை வாசிப்பது எப்படி?

குதிரைப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் விவரங்களை அச்சிட்ட தாள்தான் ரேஸ் அட்டை. முதலில் அதில் வரும் இந்த வரியைப் பாருங்கள்.

6 | 0எஃப்3-214 | நள்ளிரவு மின்னல் சி, பி.எஃப் | பி ஜி | 7 | 11-4 | 122

நள்ளிரவு மின்னல் என் கற்பனைக் குதிரைதான். ஆனால் பிரிட்டிஷ் முறையில் அச்சாகும் ரேஸ் அட்டைகளில், தடை தாண்டும் பந்தயத்துக்கான வரி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதை இடமிருந்து வலமாகப் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற அட்டைகளும் பிடிபட்டுவிடும்.

படி 1: அந்த எண் கோவை

முதலில் உள்ள 6, குதிரையின் சேணத்துணியில் இருக்கும் எண். அதைத் தாண்டி 0எஃப்3-214-க்கு வாருங்கள். நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொரு குறியும் ஒரு பந்தயம். கடைசியாக ஓடியது வலது ஓரத்தில் இருக்கும். ஆகவே நம் குதிரை போன தடவை 4-வது, அதற்கு முன் முதலிடம், அதற்கும் முன் 2-வது. நடுவில் உள்ள சிறு கோடு பருவம் மாறியதைக் காட்டுகிறது. கோடு சாய்வாக இருந்தால் இடைவெளி இன்னும் பெரியது. ஒரு பருவமே ஓடாமல் இருந்திருக்கலாம். 0 என்றால் 10-வது இடம் அல்லது அதற்கும் பின்னால்.

இங்கே புதியவர்கள் ஏமாறுவது ஒன்று உண்டு. நாலே குதிரை ஓடிய பந்தயத்தில் வாங்கிய 4 கடைசி இடம். முப்பது குதிரை ஓடியதில் வாங்கிய 0, உண்மையில் 11-வது இடமாகக்கூட இருக்கலாம். எத்தனை குதிரை ஓடின என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் குதிரை பந்தயத்தை முடிக்கவில்லை என்று அர்த்தம். எஃப் என்றால் தடையில் விழுந்தது. யு என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி (குதிரையை ஓட்டுபவர்) மட்டும் கீழே. ஆர் என்றால் தாண்ட மறுத்து நின்றுவிட்டது. புல்டு அப் என்பதன் முதலெழுத்து வந்தால், ஜாக்கியே கடிவாளத்தை இழுத்து நிறுத்தியிருக்கிறார். பிராட் டவுன் என்பதன் முதலெழுத்து வந்தால், முன்னால் விழுந்த வேறொரு குதிரை இதையும் சாய்த்துவிட்டது. (தமிழில் எழுதினால் இந்த இரண்டுமே ‘பி’ ஆகிவிடும். அதனால்தான் முழுப்பெயரைச் சொல்கிறேன்.) அடுத்த குதிரையால் விழுந்ததற்கு இதைக் குறை சொல்ல முடியாது. ஒரு எஃப் இருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தடுத்து நிறுத்தப்பட்டிருந்தால்தான் யோசிப்பேன்.

படி 2: பெயருக்குப் பக்கத்தில்

சி என்றால் இதே மைதானத்தில் ஜெயித்த குதிரை. பெரிய எழுத்து டி என்றால் இதே தூரத்தில் ஜெயித்தது. சி.டி என்று சேர்ந்து வந்தால், இதே மைதானத்தில் இதே தூரத்தை ஓடி ஜெயித்திருக்கிறது. பி.எஃப் என்றால் போன பந்தயத்தில் இதுதான் ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பியிருந்தார்கள், தோற்றுவிட்டது. நம் குதிரையின் கடைசி 4-க்கு இப்போது கொஞ்சம் கசப்பு ஏறுகிறது, இல்லையா?

படி 3: நிறம், பால், வயது

‘பி ஜி’ என்பதில் பி, பே எனும் நிறம்: பழுப்பு உடல், கறுப்புப் பிடரி, கறுப்பு வால். பிடரியும் உடலைப் போலவே செம்பழுப்பாக இருந்தால் அது செஸ்ட்நட். ஜி என்றால் கெல்டிங், காயடித்த ஆண் குதிரை. நான்கு வயது வரையுள்ள காயடிக்காத ஆண் கோல்ட், பெண் ஃபில்லி. ஐந்திலிருந்து பெண் குதிரையை மேர் என்பார்கள்.

அடுத்த 7 வயது. பந்தயக் குதிரைகளுக்கு வடகோளத்தில் ஜனவரி 1, தென்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் 1 பொதுப் பிறந்தநாள். மார்ச்சில் பிறந்த குட்டிக்கும் மே மாதம் பிறந்ததற்கும் ஒரே நாளில் வயது கூடும்.

படி 4: எடையும் மதிப்பெண்ணும்

11-4 என்றால் 11 ஸ்டோன் 4 பவுண்டு. ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. மொத்தம் 158 பவுண்டு, சுமார் 72 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடை இது. ஜாக்கி மெலிந்தவராக இருந்தால் ஈயத் தகடுகளை வைத்து ஈடுகட்டுவார்கள். ஜாக்கி பெயருக்குப் பக்கத்தில் 3, 5, 7 என்று அடைப்புக்குறிக்குள் வந்தால், அனுபவம் குறைந்தவர் என்பதால் அத்தனை பவுண்டு சலுகை.

122 என்பது அதிகாரபூர்வ மதிப்பெண். ஹேண்டிகேப் பந்தயத்தில், அதாவது திறமைக்கேற்ப எடை ஏற்றிச் சமன்படுத்தும் பந்தயத்தில், ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பவுண்டு கணக்கு. 116 வாங்கிய குதிரையைவிட நம் குதிரை 6 பவுண்டு கூடுதலாகச் சுமக்கும்.

எடைக்குப் பக்கத்தில் சில சமயம் மறுபடி ஒரு சின்ன பி நிற்கும். இது நிறம் இல்லை, பிளிங்கர்ஸ். பக்கத்திலும் பின்னாலும் பார்வை போகாமல் தடுக்கும் கண்மறைப்பு. ‘பி1’ என்றால் முதல் தடவையாக மாட்டுகிறார்கள். டங் டை என்பதன் முதலெழுத்தான சின்ன டி, நாக்கைக் கட்டும் பட்டை. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

தடையில்லாத சமதளப் பந்தயத்தில் அடைப்புக்குறிக்குள் தனியாக ஒரு எண் இருந்தால், அது புறப்படும் கூண்டின் எண்.

படி 5: தூரம், தரை, முடிவு

தூரம் மைலிலும் ஃபர்லாங்கிலும் இருக்கும். நம் தாத்தாக்கள் சொன்ன அதே பர்லாங்குதான்: 220 கஜம், சுமார் 201 மீட்டர், எட்டு சேர்ந்தால் ஒரு மைல். ஒரு உழவுச்சாலின் நீளத்திலிருந்து பிறந்த அளவு அது. தரையை இறுகியதிலிருந்து சேறு வரை ஃபர்ம், குட், சாஃப்ட், ஹெவி என்று வரிசைப்படுத்துவார்கள்.

வெற்றி வித்தியாசத்தை லெங்த் கணக்கில் சொல்வார்கள். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 8 அடி. அதற்கும் குறைந்தால் அரை லெங்த், கழுத்து, தலை, குட்டைத் தலை, மூக்கு என்று சுருங்கிக்கொண்டே போகும். இரண்டும் சரிசமமாக வந்தால் டெட் ஹீட்.

இப்போது, முடிந்துபோன ஒரு பந்தயத்தின் அட்டையை எடுங்கள். முடிவை மறைத்துவிட்டு, ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு முடிவைத் திறந்து பாருங்கள். நான் முதல் தடவை எழுதியபோது, கடைசிப் பந்தயத்தை இடது ஓரத்தில் தேடியிருந்தேன்.