‘உடம்பு முடியலை’ என்று வரும் மனச்சோர்வு: எங்கள் வீட்டில் செய்த தவறுகள்

என் பெரியம்மா ஒன்றரை வருடம் “உடம்பு முடியலை” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவலி, கைகால் அசதி, நெஞ்சில் ஒரு பாரம். ஈசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தோம். ஒவ்வொன்றும் நார்மல் என்று வர வர, வீட்டில் அவர்மேல் எரிச்சல்தான் கூடியது. விடிகாலை 3 மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருந்ததையும், ஆசையாக வளர்த்த மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டதையும் நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைத்திருந்தோம். அதுதான் முதல் தவறு. நம் ஊரில் பலருக்கு அது உடம்பு வலியாகத்தான் வெளியே வருகிறது. மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம்: மனம் தளர்ந்தே இருப்பது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. இவற்றில் ஒன்றாவது அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும், 2 வாரமாவது நீடிக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெட்டிருக்கும். “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற குற்றவுணர்வும் வரும். ஆண்களிடம் இதே நோய் கோபமாகவோ, குடி அதிகமாவதாகவோ தெரியலாம்.

அதற்காக உடம்பைப் பார்க்கவே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் ஏறக்குறைய இப்படியே ஆளைச் சோர்த்துப் போடும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், அடுத்த ஸ்கேனுக்கு ஓடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். கோயிலுக்குப் போவதால் தவறில்லை. “மண்டலம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதில்தான் நோய் முற்றுகிறது.

அடுத்தது அறிவுரை. “உங்களுக்கு என்ன குறை பெரியம்மா? சொந்த வீடு இருக்கு, பையன் நல்லா இருக்கான்” என்று நானே சொல்லியிருக்கிறேன். ‘எல்லாம் இருந்தும் இப்படிக் கிடக்கிறேனே, தப்பு என்மேல்தான்’ என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே குற்றவுணர்வில் கிடந்தவருக்கு நான் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அதற்குப் பதில் “வாங்க, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டிருக்கலாம். டாக்டரிடம் டோக்கன் போட்டு, கூடவே போய் உட்கார்ந்திருக்கலாம்.

எனக்கு இன்றும் உறுத்துவது, கடைசியில் மனநல மருத்துவரிடம் போனபோது அவர் கொடுத்த மாத்திரை விஷயம். ஆரம்பித்த வாரத்தில் குமட்டல் இருந்தது, பலன் எதுவும் தெரியவில்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்வது தெரியவே பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரம் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எப்படியோ பொறுத்தோம். மூன்றாவது மாதம் அவர் பழையபடி சிரித்தார். உடனே ஒரு சொந்தக்காரர், “இதெல்லாம் பழகிடும், நிறுத்திடுங்க” என்றார். ஒரே நாளில் நிறுத்தினோம். தலைச்சுற்றல் வந்தது, தூக்கம் போனது. இரண்டு மாதத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது. குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும், பிறகு டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. பழக்கத்துக்கு அடிமையாக்குவது, பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற வேறு வகை மாத்திரைகள். அவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடுவதற்குத்தான் பயப்பட வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்கள் மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினால், முதல் சில வாரம் வீட்டில் யாராவது பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கேட்கப் பயப்படுவது. “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயந்தோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கேட்டபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். “ஆமாம்” என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். முயற்சியே நடந்துவிட்டாலும், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைத்து நேரத்தைப் போக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள். பெரியம்மா இப்போது அங்கேதான் காட்டுகிறார்.