ஜான் லாக்கை வாசிக்க: எந்தப் பத்தி, எந்த வரிசை

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் எழுதிய 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் பலர் பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. முதல் ஆய்வுரையின் 169 பத்திகளும் மன்னராட்சி ஆதரவாளர் ராபர்ட் ஃபில்மருக்கு எழுதிய மறுப்பு. ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த அதிகாரம்தான் வாரிசு வழியாக மன்னர்களுக்கு வந்தது என்பது ஃபில்மரின் வாதம். லாக் அதை வசனம் வசனமாகப் பிரித்து உடைக்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும், நேராக இரண்டாம் ஆய்வுரைக்குப் போய்விடலாம். அதன் முதல் பத்தியில் முன்னதன் சாரத்தை லாக்கே நான்கு குறிப்புகளாகச் சுருக்கித் தந்திருக்கிறார்.

இரண்டாம் ஆய்வுரையில் 19 அத்தியாயங்கள், தொடர்ச்சியாக எண்ணிட்ட 243 பத்திகள். பத்தி எண் இல்லாத பதிப்பை வாங்காதீர்கள், இணையத்திலிருந்து இறக்கவும் வேண்டாம். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது பத்தி எண்ணைத்தான்.

அத்தியாய வரிசையிலும் போக வேண்டாம். 2ஆம் அத்தியாயம் (பத்தி 4–15) முடிந்ததும் 9ஆவதற்கு (123–131) தாவுங்கள். பிறகு 5 (25–51), 8இல் பத்தி 95–99, 119–122, அடுத்து 11 (134–142), கடைசியாக 19 (211–243). மற்றவை இரண்டாம் சுற்றுக்கு.

இந்தத் தாவலுக்குக் காரணம் உண்டு. 2ஆம் அத்தியாயம் அரசு தோன்றுவதற்கு முந்தைய இயற்கை நிலையைச் சொல்கிறது. அங்கேயும் ஒரு சட்டம் உண்டு, பகுத்தறிவுதான் அந்தச் சட்டம்: பிறர் உயிர், உடல்நலம், சுதந்திரம், உடைமை எதற்கும் தீங்கு செய்யாதே (பத்தி 6). மீறியவரைத் தண்டிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இது விசித்திரமாகத் தோன்றும் என்று லாக்கே ஒப்புக்கொள்கிறார். இயற்கை நிலை என்றாலே எல்லோருக்கும் எல்லோரோடும் போர் என்ற தாமஸ் ஹாப்ஸைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்வது இங்கேதான் நடக்கும். இயற்கை நிலை வேறு, போர் நிலை வேறு என்று பத்தி 19 வெளிப்படையாகவே பிரிக்கிறது. சரி, இவ்வளவு நல்ல நிலையை மனிதர்கள் ஏன் விட்டு வந்தார்கள்? விடை 9ஆம் அத்தியாயத்தில்: எல்லோருக்கும் தெரிந்த நிலையான சட்டம் இல்லை (124), சார்பற்ற நீதிபதி இல்லை (125), தீர்ப்பை நிறைவேற்றும் பலம் இல்லை (126). ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். 11ஆம் அத்தியாயத்தையும், இரண்டாம் சுற்றில் 12ஐயும் படிக்கும்போது எந்தப் பத்தி எந்தக் குறையை நிரப்புகிறது என்று எதிரே குறித்து வந்தால் நூலின் எலும்புக்கூடு கையில் இருக்கும்.

தேர்வுக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு தவறு: 'சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தவர் லாக்.' அவர் சொன்ன மூன்று வேறு. சட்டமியற்றல், நிறைவேற்றல், மூன்றாவதாகப் போர், சமாதானம், ஒப்பந்தம் போன்ற வெளிவிவகார அதிகாரம் (பத்தி 143–148). நீதித்துறையைத் தனியே நிறுத்தியது 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ.

5ஆம் அத்தியாயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், ஒரே அமர்வில் முடியுங்கள். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: லாக் 'சொத்து' என்பதை இரண்டு அளவில் கையாள்கிறார். பத்தி 123இல் உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் சேர்ந்தது சொத்து. 5ஆம் அத்தியாயத்தில் பெரும்பாலும் நிலமும் பொருளும் மட்டும். எந்த அளவு என்று ஓரத்தில் குறிக்காவிட்டால், 'அரசின் நோக்கம் சொத்தைக் காப்பது' என்ற வாக்கியம் பணக்காரர்களுக்காக எழுதியதாகவே படும்.

பத்தி 28இல் ஒருவர் காட்டில் ஓக் மரத்தடிக் கொட்டைகளையும் ஆப்பிள்களையும் பொறுக்கித் தின்கிறார். அவை எப்போது அவருடையவை ஆயின? செரித்தபோதா, தின்றபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா, பொறுக்கியபோதா? பொறுக்கிய உழைப்பே சொந்தமாக்கியது என்கிறார் லாக். இதற்கு இரண்டு வரம்புகள்: மற்றவர்களுக்குப் போதுமானதும் அதே தரத்தில் மிஞ்ச வேண்டும் (27), எடுத்தது வீணாக அழுகக் கூடாது (31). 31ஆம் பத்தியோடு நிறுத்துபவருக்கு லாக் சமத்துவவாதியாகத் தெரிவார். 46 முதல் 50 வரை படியுங்கள். தங்கம் அழுகாது, அதை ஏற்கப் பொதுவில் சம்மதித்ததாலேயே ஏற்றத்தாழ்வுக்கும் சம்மதித்தாயிற்று என்று வாதம் அப்படியே திரும்பிவிடும். 28லேயே இன்னொரு வரியும் இருக்கிறது: 'என் வேலைக்காரன்' வெட்டிய புல்கட்டிகள் எனக்குச் சொந்தம். யாருடைய உழைப்பு, யாருடைய சொத்து? அடிக்கோடிடுங்கள்.

இதே இடத்தில் அவர் வாழ்க்கைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் இருந்த கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர் லாக். அவர் கைபட்ட 1669ஆம் ஆண்டு அரசியல் சட்ட வரைவு, அடிமைகள் மீது எசமானருக்கு முழு அதிகாரம் கொடுத்தது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவருக்குப் பங்கும் இருந்தது. ஆனால் பத்தி 23–24 அடிமை நிலையை நியாயமான போரில் பிடிபட்ட ஆக்கிரமிப்பாளருக்கு மட்டுமே ஒதுக்குகிறது. அவர்கள் பிள்ளைகள் சுதந்திரர்கள் என்று 189 சொல்கிறது. பரம்பரை அடிமைமுறைக்கு அவர் நூலிலேயே இடமில்லை. இந்த முரணை மழுப்பும் அறிமுக நூல்களை நம்பாதீர்கள்.

சம்மதம் பற்றிய பகுதி பலவீனமானது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்து போனாலே மறைமுகச் சம்மதம் என்கிறது பத்தி 119. அது ஒருவரை அந்த நாட்டின் உறுப்பினர் ஆக்கிவிடாது என்று 122 ஒட்டுப் போடுகிறது. இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். நேரமே இல்லாதவருக்கு 142 போதும்: சட்டமன்றத்தின் நான்கு வரம்புகளும் ஒரே பத்தியில் இருக்கின்றன. மக்கள் சம்மதமின்றி வரி இல்லை என்பது அவற்றில் ஒன்று.

19ஆம் அத்தியாயத்தை, மன்னர் இரண்டாம் ஜேம்ஸை நீக்கிய 1688 இங்கிலாந்துப் புரட்சிக்குப் பின் எழுதிய நியாயமாகப் படிப்பது பழைய பழக்கம். முன்னுரையும் அப்படித்தான் நினைக்க வைக்கும். ஆனால் நூலின் பெரும்பகுதி 1679–81 வாக்கிலேயே, அதே ஜேம்ஸ் அரியணை ஏறுவதைத் தடுக்கப் போராட்டம் நடந்தபோது எழுதப்பட்டது என்று 1960இல் வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லெட் வாதிட்டார். பலர் அதை ஏற்றிருக்கிறார்கள். 1683இல் மன்னராட்சியை எதிர்த்து எழுதிய அல்ஜெர்னான் சிட்னிக்கு மரண தண்டனை கிடைத்தது, அவர் கையெழுத்துப் பிரதியே அவருக்கு எதிரான சாட்சி. அதே ஆண்டு லாக் ஹாலந்துக்குத் தப்பினார். 1689இல் வெளிவந்த நூலில் பெயர் போடவில்லை. தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது 1704இல், உயிலின் இணைப்பில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 222, 225, 240ஐப் படித்தால் சூடு தெரியும். 225இல் வரும் 'நீண்ட வரிசையான அத்துமீறல்கள்' என்ற தொடர் 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் அப்படியே இருக்கிறது.

இனி லாக்கின் இன்னொரு நூல், 'மனித அறிதல் குறித்த கட்டுரை'. நான்கு பாகங்கள், பெரிய புத்தகம். மேற்கோள் எண் பாகம், அத்தியாயம், பத்தி என்று வரும். சில பதிப்புகளில் முதல் பாகத்தின் அறிமுகம் எண்ணில் சேராததால் அந்தப் பாகத்தில் மட்டும் அத்தியாய எண் ஒன்று குறையும்; குறிப்பு பொருந்தாவிட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள். முதல் சுற்றுக்கு 2.1, 2.8, 4.1–3, 4.15–16 போதும்.

2.1இல் மனம் எழுத்தில்லாத வெள்ளைத் தாள். அதில் எழுதுவது புலன்கள் மட்டுமல்ல. மனம் தன் செயலைத் தானே கவனிப்பதும் அனுபவம்தான். இந்த இரண்டாவது ஊற்றைப் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். 2.8.21ஐச் செய்தே பாருங்கள்: மூன்று பாத்திரங்களில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், குளிர்ந்த நீர், சாதாரண நீர். ஒரு கையை வெந்நீரிலும் மற்றதைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் நடுப்பாத்திரத்தில் விடுங்கள். ஒரே நீர் ஒரு கைக்குக் குளிரும், மறுகைக்குச் சுடும். உருண்டையோ ஒரு கைக்கு உருண்டையாகவும் மறுகைக்குச் சதுரமாகவும் படாது. வடிவம் பொருளில் இருக்கிறது. சூடு நாம் உணரும் விதம். வெப்பம், நிறம், சுவை ஆகியவற்றை லாக் ஏன் வேறாகப் பிரித்தார் என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

4ஆம் பாகத்தில் உறுதியான அறிவின் எல்லை மிகச் சிறியது, மற்றதெல்லாம் நிகழ்தகவு. 4.15.4 சாட்சியத்தை எடைபோட ஆறு கேள்விகள் தருகிறது: எத்தனை பேர், நேர்மையானவர்களா, விஷயம் தெரிந்தவர்களா, எழுதியவரின் நோக்கம் என்ன, சொன்னது முன்பின் ஒத்துப்போகிறதா, எதிர்ச்சாட்சி உண்டா. அடுத்த பத்தியில் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் வருகிறார். தங்கள் ஊரில் குளிர்காலத்தில் நீர் இறுகி யானையையே தாங்கும் என்று டச்சுத் தூதர் சொன்னதும், இதுவரை நம்பினேன், இப்போது பொய் என்று தெரிந்துவிட்டது என்கிறார் மன்னர். சொந்த அனுபவமும் ஏமாற்றும். 4.16.10 இன்னும் கூர்மை: நகலின் நகலை நீதிமன்றம் ஏற்காது, கைமாறக் கைமாறச் சாட்சியம் பலமிழக்கும். வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து இந்த ஆறு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதிலேயே நின்றுவிடும்.

இரண்டு நூலும் சேருமிடம் 4.16.4. எல்லோரும் நிகழ்தகவை நம்பித்தான் வாழ்கிறோம், ஆகவே மாற்றுக் கருத்துடையவரைப் பொறுத்துக்கொள் என்கிறது. அதை முடித்த கையோடு 1689ஆம் ஆண்டின் 'சகிப்புத்தன்மை குறித்த கடித'த்தை எடுங்கள். வாளால் நம்பிக்கையை உண்டாக்க முடியாது என்ற வாதமும், நாத்திகர்களுக்கும் வேற்று மன்னருக்கு விசுவாசம் கொண்டவர்களுக்கும் சகிப்பு கிடையாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கின்றன. விலக்குக்கு அவர் சொல்லும் காரணங்களை 4.16.4க்குப் பக்கத்தில் எழுதி, எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.