புது சீசன் மெட்டா கணிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ரொட்டேஷன் (பழைய கார்டுங்களை டோர்னமென்ட்டுலேர்ந்து நீக்கிறது) வர்றப்பவும் இதே கதைதான் நடக்குது. புதுசா டோர்னமென்ட் ஆட வர்ற பசங்க ஒரு நோட்டுல பத்து டெக் (ஆட எடுத்துட்டு வர்ற கார்டு கட்டு) பேரு எழுதிட்டு வந்து "அண்ணா, இந்த சீசன் இதுதான் ஓடும், கரெக்டா?"ன்னு கேக்குறாங்க. போன வாரம் ஒரு தம்பி காட்டின பக்கத்தை பாத்தப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல, ஏன்னா நான் முதல் சீசன்ல எழுதின பக்கமும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு, அதே நம்பிக்கை, அதே அம்புக்குறி, அதே ஓட்டை. அதனால மெட்டாவை, அதாவது டோர்னமென்ட்ல எந்த டெக் எவ்வளவு வரும்ன்றதை, கணிக்கிறதைப் பத்தி இதை எழுதுறேன். கார்டை ஒழுங்கா படி, ரொட்டேஷன் தேதியை பாருன்ற மாதிரி விஷயமெல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். நான் ஆடுறது போக்கிமான், அதனால உதாரணம் பெரும்பாலும் அதுலேர்ந்துதான் வரும், ஆனா எந்த கார்டு கேம் ஆடுறவங்களுக்கும் பொருந்தும்.

## ஒரு கார்டு போச்சுன்னா டெக்கே போச்சுன்னு எழுதுறது

2025 ஏப்ரல் 11 ரொட்டேஷன்ல எஃப் மார்க் (கார்டு ஓரத்துல F எழுத்து) போட்ட கார்டு எல்லாம் வெளிய போச்சு. லூகியா விஸ்டார், கிராட்டினா விஸ்டார் மாதிரி டெக்குங்க முழுசா போனதுல சந்தேகமே இல்ல, அட்டாக் பண்ற கார்டே போயிடுச்சு. ஆனா கார்டெவார் டெக்ல முக்கியமா போனது கிர்லியாதான், கையிலேர்ந்து ஒரு கார்டை போட்டுட்டு ரெண்டு கார்டு எடுக்கிற அந்த கிர்லியா. அந்த டெக்கோட மூச்சே அதுதான்னு நினைச்சு நானும் கார்டெவாரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சேன். அதே வருஷம் ஆகஸ்ட்ல அனஹைம்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சது கார்டெவார்தான்.

எங்க தப்பு பண்ணேன்னா, போன கார்டை மட்டும் பாத்தேன், மிச்சம் இருக்கிறதை பாக்கல. டிஸ்கார்டுல (ஆடி முடிச்ச கார்டு குவியல்ல) கிடக்கிற சைக்கிக் எனர்ஜிய எத்தனை வேணா எடுத்து மாட்டிக்கலாம்ன்ற கார்டெவாரோட அபிலிட்டி அப்படியே இருந்துச்சு. அப்படி மாட்டுறப்ப தன் மேல விழுற டேமேஜை எதிராளி மேல தள்ளி விடுற மன்கிடோரியும் இருந்துச்சு. கார்டு எடுக்கிற வேகம் குறைஞ்சுது, ஆனா டெக் என்ன பண்ணணும்னு செஞ்சாங்களோ அது மாறவே இல்ல.

மேஜிக்ன்ற இன்னொரு கார்டு கேம்லயும் இதே நடந்திருக்கு. 2019 ஜூலைல ஹோகாக் டெக்கை அடக்கிறதுக்காக பிரிட்ஜ் ஃப்ரம் பிலோன்ற கார்டை பேன் பண்ணாங்க, டெக் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் எழுதினாங்க, அந்த மாசக் கடைசில பார்சிலோனாவுல நடந்த பெரிய டோர்னமென்ட்ல அதிகம் பேர் கொண்டு வந்த டெக் ஹோகாக்தான். ஆகஸ்ட்ல ஹோகாக்கையே பேன் பண்ண பிறகுதான் நின்னுச்சு.

ஒரு கார்டு போறப்ப கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த டெக் ஜெயிக்கிறதுக்கு காரணமே இந்த கார்டா, இல்ல ஜெயிக்கிற வழியை கொஞ்சம் வேகமாக்கினதா?

## பெரிய கார்டை மட்டும் பாக்கிறது

2025 ஜனவரில வந்த பட்யூ, 30 ஹெச்பி, அடிக்கிறது 10 டேமேஜ். அதோட அட்டாக்குக்கு எனர்ஜியே வேணாம், அடுத்த டர்ன்ல எதிராளி ஐட்டம் கார்டு ஆட முடியாது. அந்த சீசன் முழுக்க எல்லாரும் டெக் கட்டுறப்ப இதை மனசுல வச்சுத்தான் கட்டினாங்க. புது செட் வந்தா முதல்ல சின்ன கார்டை படிங்க.

## ஜப்பான் ரிசல்ட்டை அப்படியே தூக்கிட்டு வர்றது

அங்க செட் நமக்கு முன்னாடியே வந்துடுது, அதனால அங்க நடக்கிற சிட்டி லீக் டோர்னமென்ட் ரிசல்ட் பாக்கிறதுல தப்பே இல்ல, நானும் பாக்குறேன். ஆனா அங்க ஒரு ரவுண்டுக்கு ஒரே கேம், 25 நிமிஷம், டைம் முடிஞ்சா ரெண்டு பேருக்கும் தோல்வி. நாம ரீஜினல்ன்ற பெரிய டோர்னமென்ட்ல ஆடுறது மூணு கேம்ல ரெண்டு ஜெயிக்கணும்ன்ற முறை, 50 நிமிஷம், டிரா ஆனா ஆளுக்கு ஒரு பாயின்ட். முதல் கேம்லயே திகைக்க வச்சு அடிச்சுட்டு போற டெக்குக்கு அங்க கொண்டாட்டம், மூணு கேம்ல எதிராளி உன்னை புரிஞ்சுக்கிறான். மெதுவா நகர்ற டெக்கு அங்க டைமுக்கு பயந்தே குறைஞ்சுடும். இது போக, அங்கேர்ந்து நம்ம கண்ணுல படுறது மேல வந்தவங்க லிஸ்ட்தான், எத்தனை பேர் அதே டெக்கை எடுத்து தோத்தாங்கன்னு அதுல இருக்காது. புது கார்டு எந்த வேலைக்கு பயன்படுதுன்னு அதுலேர்ந்து கத்துக்கோங்க, எத்தனை பேர் எடுப்பாங்கன்னு கத்துக்காதீங்க.

## ஒரு படி அதிகமா யோசிக்கிறது

இதைப் பத்தி பேசத்தான் உக்காந்தேன். மத்த தப்பெல்லாம் ரெண்டு ரவுண்டுல தெரிஞ்சு திருந்திடலாம், இது அப்படி இல்ல, இது செய்றப்ப நமக்கு புத்திசாலித்தனமா தெரியும், தோத்த பிறகும் "லக் இல்ல"ன்னு தோணும், அதனால வருஷக்கணக்கா கூடவே இருக்கும்.

2024ல சாரிஸார்ட் இஎக்ஸ் எங்க பாத்தாலும் இருந்துச்சு. அந்த சாரிஸார்ட் டார்க் டைப், வீக்னஸ் கிராஸ், அதாவது புல் டைப் அடிச்சா அது தாங்காது. மே மாசம் புது செட்ல ஓகர்பான்ற கிராஸ் கார்டு வந்ததும் நான் நோட்டை எடுத்து உக்காந்தேன். எல்லாரும் சாரிஸார்ட் ஆடுறாங்க, அதை அடிக்க எல்லாரும் இப்ப கிராஸ் டெக்குக்கு மாறுவாங்க, கிராஸுக்கு வீக்னஸ் ஃபயர், அப்ப நான் ஃபயர் டெக் எடுத்தா மொத்த கூட்டத்தையும் வழிச்சுடலாம்னு ஒரு அம்புக்குறி, ரெண்டு அம்புக்குறி போட்டு முடிச்சேன். மூணு வாரம் ராத்திரி ராத்திரியா அந்த டெக்கை ஆடிப் பழகினேன், எனக்கு நல்லா கை வந்த டெக்கை ஓரமா வச்சுட்டு.

அன்னைக்கு ஒன்பது ரவுண்டு. சாரிஸார்ட் நாலு தடவை வந்துச்சு. ஓகர்பான் வச்சு ஓட்டுற கிராஸ் டெக் ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசி ரவுண்டுல, ரெண்டு பேருக்கும் அடுத்த நாளுக்கு போக வாய்ப்பே இல்லாத டேபிள்ல. அந்த மேட்ச்சை சுலபமா ஜெயிச்சேன். அந்த ஜெயிப்புதான் இன்னைக்கும் எரிச்சலா இருக்கு, ஏன்னா நான் போட்ட கணக்கு கார்டு அளவுல சரி, ஆளுங்க அளவுலதான் தப்பு.

ஏன் ஆளுங்க நாம நினைக்கிற மாதிரி மாற மாட்டாங்கன்னு அப்புறம் நிறைய யோசிச்சேன். முதல் காரணம், கையில இருக்கிற கார்டு. அறுபது கார்டை மாத்துறதுன்னா காசு, கடன் வாங்கிறது, தேடுறது, டெக் லிஸ்ட் குடுக்கிற கடைசி நேரத்துக்குள்ள முடிக்கிறது. ரெண்டாவது, பழக்கம். மூணு மாசமா ஒரே டெக்கை ஆடினவனுக்கு எந்த கையோட ஆரம்பிச்சாலும் என்ன பண்ணணும்னு தெரியும், ஒரு மோசமான மேட்ச்அப்புக்காக அதை விட மாட்டான், விடவும் கூடாது. மூணாவது, நாம படிக்கிறதை எல்லாரும் படிக்கிறாங்கன்னு நினைக்கிறோம். நூத்துக்கணக்குல ஆளுங்க உக்காந்திருக்கிற ஹால்ல, நேத்து ராத்திரி வரைக்கும் மெட்டா பேசிட்டு வந்தவங்க ஒரு பகுதிதான். மிச்ச பேர் தனக்கு புடிச்ச டெக்கோட வந்திருக்காங்க. சாரிஸார்ட்டை 1996லேர்ந்து நேசிக்கிற ஆளுங்க இருக்காங்க, ஒரு கிராஸ் கார்டு வந்துச்சுன்னு அவங்க அதை வீட்டுல வச்சுட்டு வருவாங்களா?

சரி, நான் நினைச்ச மாதிரியே கூட்டம் மாறியிருந்தா? இங்கதான் அந்த தம்பிக்கும் பேப்பர்ல போட்டு காட்டினேன். என் ஃபயர் டெக் கிராஸை 75 சதவீதம் ஜெயிக்கும், சாரிஸார்ட்டை 42, மத்த எல்லாத்தையும் 48னு வை. கூட்டத்துல கிராஸ் 5 சதவீதம், சாரிஸார்ட் 20 சதவீதம், மிச்சம் 75 சதவீதம்னா, பெருக்கி கூட்டினா எனக்கு மொத்தமா வர்றது 48 சதவீதம். நான் கனவு கண்ட மாதிரியே கிராஸ் 20, சாரிஸார்ட் 10ன்னு ஆயிருந்தா? 53. அவ்வளவுதான். கனவு முழுசா பலிச்சாலே 53, பலிக்கலன்னா 48. இதுக்காக நான் நல்லா ஆடுற டெக்கை விட்டேன். நல்லா பழகின டெக்கை ஆடுறதால கிடைக்கிற பலன் இந்த 5 சதவீதத்தை விட பெருசுன்றது நான் ஆடி ஆடி உணர்ந்த விஷயம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. கூட்டத்துல 20 சதவீதம் இருக்கிற டெக்கை ஒன்பது ரவுண்டுல சராசரியா ரெண்டு தடவை சந்திப்போம். 5 சதவீதம் இருக்கிற டெக்கை ஒரு தடவை கூட சந்திக்காம போற வாய்ப்பு 63 சதவீதம். வரவே போறதில்லாத விருந்தாளிக்கு மூணு வாரம் சமைச்சிருக்கேன்.

இதை சொன்னா உடனே எல்லாரும் அயன் தார்ன்ஸை காட்டுறாங்க. "2024 ஹொனலூலு உலக சாம்பியன்ஷிப்ல யாரும் நினைக்காத டெக்தானே ஜெயிச்சுது, ஜெயிச்சவரு ரெண்டு படி யோசிச்சுதானே வந்தாரு?" இல்லவே இல்ல. அயன் தார்ன்ஸ் முன்னாடி நின்னா ஃப்யூச்சர் வகை தவிர மத்த ரூல் பாக்ஸ் போக்கிமானுக்கு (இஎக்ஸ், விஸ்டார் மாதிரி பெரிய கார்டுக்கு) அபிலிட்டி கிடையாது. அப்ப நிறைய பேர் கையில இருந்தது ரெஜிட்ராகோ, லூகியா, சாரிஸார்ட், கார்டெவார், எல்லாமே இந்த மாதிரி போக்கிமானோட அபிலிட்டிய நம்பி ஓடுற டெக்கு. அங்க ஏற்கனவே உக்காந்திருக்கிற டெக்கை நேரா அடிக்கிற டெக் அது, ஒரே ஒரு படி. எவன் எதுக்கு மாறுவான்னு அதுல கணிக்கவே தேவையில்ல, எவனும் மாற மாட்டான்ற நம்பிக்கைதான் அதோட பலமே. அதை உதாரணமா காட்டி ரெண்டாவது படிக்கு ஏறுறவங்களை பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

அப்ப மெட்டா மாறவே மாறாதான்னா, மாறும், ஆனா எல்லாரும் கண்ணால பாத்த பிறகு மாறும். ஒரு பெரிய டோர்னமென்ட் முடிஞ்சா ஜெயிச்ச டெக் அடுத்ததுல கூடும். அதை அடிக்கிற டெக் அதுக்கும் அடுத்ததுல கூடும். சீசனோட முதல் டோர்னமென்ட்ல கண்ணால பாத்ததுன்னு ஒண்ணுமே இல்ல, அதனால அங்க பழைய டெக்ல தப்பிச்சது எதுவோ, சுலபமா கட்ட முடிஞ்சது எதுவோ அதுதான் அதிகமா வரும். முதல் டோர்னமென்ட்டுக்கு அரைப் படி, அதாவது எது மிச்சம் இருக்குன்னு பாக்கிறது மட்டும், போதும்னு நான் சொல்லுவேன்.

## ப்ராக்டிஸ் ரிசல்ட்டை நம்புறது

இருபது மேட்ச்ல பன்னெண்டு ஜெயிச்சா 60 சதவீதம்னு எழுதிக்கிறாங்க. இருபது மேட்ச் ரொம்ப சின்ன கணக்கு, உண்மையான எண் 40லேர்ந்து 80க்குள்ள எங்க வேணா இருக்கலாம். அதுவும் ஒரே ரெண்டு நண்பர்களோட ஆடினதுன்னா நீங்க அளந்தது அவங்களை.

## தன் டெக்குக்கு கெட்ட மேட்ச்அப்பை குறைச்சு எழுதுறது

உங்க டெக்கை அடிக்கிற டெக் கூட்டத்துல எத்தனை சதவீதம்னு எழுதி முடிச்சதும் அந்த எண்ணை ஒன்றரை மடங்கு ஆக்குங்க.

## "மத்தவை"ன்ற வரியை மறக்கிறது

அந்த தம்பியோட பக்கத்துல பத்து டெக் இருந்துச்சு, கூட்டினா சரியா 100 வந்துச்சு. பத்து டெக்கோட ஒரு ஹால் நிறையாது தம்பின்னேன். லிஸ்ட்லயே இல்லாத டெக்கு, பாதி மாத்தின டெக்கு, வீட்டுல தானா கட்டின டெக்கு, எல்லாம் சேர்ந்து என் நோட்டுல பெரும்பாலும் கால்வாசிக்கு வருது, சீசன் ஆரம்பத்துல அதுக்கும் மேல. பேரு தெரியாத அந்த கால்வாசிக்கு எதிரா உங்க டெக் என்ன பண்ணும்னு கேட்டுப் பாருங்க. தன் வேலைய தானே பாத்துக்கிற டெக்குக்கு அங்க கவலை இல்ல, எதிராளி இன்ன டெக்தான் ஆடணும்னு எதிர்பார்க்கிற டெக்தான் அங்க மாட்டும்.

அதனால முதல்ல "மத்தவை 25"ன்னு எழுதிட்டு, மிச்ச 75ஐ பிரிங்க. டோர்னமென்ட்டுக்கு முன்னாடி பேனாவால எழுதி தேதி போடுங்க, முடிஞ்சு வந்ததும் பக்கத்துலயே நிஜ எண்ணை எழுதுங்க. நாலஞ்சு டோர்னமென்ட் ஆனதும் நீங்க எந்த பக்கம் சாயுறீங்கன்னு தெரியும். நான் புது கார்டை எப்பவுமே ரெட்டிப்பா எழுதுறேன்னு அப்படித்தான் கண்டுபிடிச்சேன், இப்ப எழுதின உடனே பாதியாக்குறேன்.

தம்பி உக்காந்து திரும்ப எழுதினான். ரெண்டாவது அம்புக்குறிய அழிச்சான், மத்தவைக்கு 20 குடுத்தான், நான் 25ன்னு சொன்னதுக்கு ஒத்துக்கல. முதல் ரீஜினல் முடிஞ்சதும் ரெண்டு பேரு பக்கத்தையும் வச்சு பாக்குறதா பேச்சு.