பனியன் துண்டு முதல் எண்ணெய் டின் வரை: மிஞ்சிய பொருள்களால் வீட்டை ஒழுங்குபடுத்தும் முறை

வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் கடைக்குப் போய் டப்பாக்களும் கூடைகளும் வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. வாங்கி வந்த பிறகுதான், டப்பா அலமாரித் தட்டைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருப்பதும், கூடையை உள்ளே வைத்தால் கதவு சாத்த முடியாததும் தெரியவரும். நாமே செய்துகொள்வதில் காசு மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய நன்மை, நம் அலமாரியின் அளவுக்கே பெட்டியைச் செய்துகொள்ளலாம் என்பதாகும். கொங்கு நாட்டில் குடியிருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதியும் உண்டு. திருப்பூரின் பனியன் வெட்டுத் துண்டுகள், ஈரோட்டிலும் கரூரிலும் தறிக்கூடங்களில் நூல் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் கோன்கள், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆலை எண்ணெய் வரும் தகர டின்கள், நாமக்கல் முட்டை வரும் அட்டைகள், தோட்டத்தில் போர் போட்டபோது மீந்த பைப்புத் துண்டுகள் என்று, பிற ஊர்க்காரர்கள் தேடிப் போக வேண்டிய பொருள்கள் இங்கே பொடக்காலியிலும் (வீட்டுப் பின்புறம்) அட்டாலியிலும் (பரண்) கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

எதையும் வெட்டுவதற்கு முன்பு, ஒழுங்குபடுத்தப் போகும் ஒரே ஒரு தட்டை மட்டும் முழுவதுமாகக் காலி செய்யுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டால் மாலைக்குள் களைப்பு வந்து, எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும். காலியான தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதி, அகலத்தில் பக்கத்துக்கு 1 செ.மீ வீதமும், உயரத்தில் கை போய் வர 5 செ.மீ அளவும் கழித்துக்கொள்ளுங்கள். மீதி இருப்பதே பெட்டியின் அளவு. இந்தத் தாள் கையில் இல்லாமல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.

அளவுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, எந்தப் பொருள் எதைத் தாங்கும் என்பது. அட்டையால் செய்தவற்றைத் தரையில் வைக்கக் கூடாது. கரையான் ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் துணியும் காகிதமும் சேர்ந்து போகும். சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் அட்டை நிற்காது, அங்கே தகரமும் துருப்பிடிக்கும், ஆகவே பிளாஸ்டிக்கே பொருத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கோவை, பல்லடம், உடுமலைப் பக்கங்களில் எந்தச் சந்திலும் புழுதியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதால், மேற்குப் பார்த்த சன்னல் உள்ள அறைகளில் திறந்த கூடைகளை வைப்பதாக இருந்தால் மேலே ஒரு துணி மூடியும் தைத்துவிடுவது நல்லது. பழைய பருத்திச் சேலையை இரட்டையாக மடித்து ஓரத்தில் எலாஸ்டிக் கோத்தால் அந்த மூடி ஆயிற்று.

பனியன் துணிக் கூடை

இருப்பவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த பொருள் பனியன் துணிதான். நெசவுத் துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வரும். பின்னலாடைத் துணி அப்படிப் பிரிவதில்லை. அதிலும் சாதாரண டி-சர்ட்டுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி துணியைக் குறுக்குவாட்டில் பட்டையாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் தாமாகவே உட்புறம் சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். இன்டர்லாக், ரிப் போன்ற துணிகள் இவ்வளவு சுருளுவதில்லை, எனவே அவற்றைப் பட்டையாகவே வைத்துப் பின்ன வேண்டியிருக்கும்.

பக்கவாட்டில் தையல் இல்லாத பழைய டி-சர்ட் ஒன்றை மேசைமேல் விரித்து, அடியில் உள்ள மடிப்புத் தையலை வெட்டி எடுத்துவிடுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே குறுக்காக வெட்டினால் குழாய் வடிவில் ஒரு துண்டு கிடைக்கும். அதன் ஒரு பக்க ஓரத்தை எதிர்ப்பக்க ஓரத்தை நோக்கி மடித்து, எதிர்ப்பக்கத்தில் 4 செ.மீ மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். இனி மடித்த பக்கத்திலிருந்து 3 செ.மீ அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஆனால் வெளியே தெரியும் அந்த 4 செ.மீ பகுதிக்குள் கத்தரி முழுவதுமாகப் போய்விடக் கூடாது. எல்லாம் வெட்டி முடிந்ததும், வெட்டாமல் நிற்கும் பகுதியைக் கையில் விரித்துப் பிடித்து, ஒரு பக்கத்து முதல் வெட்டிலிருந்து மறுபக்கத்து இரண்டாம் வெட்டுக்குச் சாய்வாக வெட்டுங்கள், அடுத்ததும் அப்படியே. இவ்வாறு முடிக்கும்போது துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளப் பட்டையாக வரும். அதை ஒரு முழம் ஒரு முழமாகப் பிடித்து இழுத்துச் சுருட்டி உருண்டையாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து வரும் வெட்டுத் துண்டுகள் குட்டையாக இருந்தால், இரண்டு பட்டைகளின் நுனியிலும் சிறு துளை வெட்டி, முதல் பட்டையின் துளைக்குள் இரண்டாவதன் நுனியை நுழைத்து, இரண்டாவதன் வாலை அதன் சொந்தத் துளை வழியாகவே இழுத்துவிட்டால் முடிச்சுத் துருத்தாமல் இணைந்துவிடும்.

மூன்று பட்டைகளைச் சடையாகப் பின்னி, அந்தச் சடையைத் தரையில் வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு தடித்த நூலால் தைத்துக்கொண்டே வாருங்கள். அடித்தட்டைத் தைக்கும்போது சடையை இழுத்துப் பிடிக்காமல் தளர்வாகவே விட வேண்டும். இறுக்கினால் தட்டு நடுவில் குழிந்து கிண்ணமாகிவிடும். அலமாரிக்குத் தேவையான அகலம் வந்ததும், அடுத்த சுற்றைப் பக்கத்தில் வைக்காமல் கடைசிச் சுற்றின் தலைமேல் ஏற்றித் தைத்தால் சுவர் எழும்பும். நான்கு விரல் உயரத்துக்கு மேல் போனால் சுவர் தொய்யும் என்பதால், உயரமான கூடை வேண்டுவோர் உட்புறம் ஒரு அட்டை வளையத்தை வைத்துத் தைத்துவிடலாம். உள்ளாடைகள், குழந்தைகளின் சாக்ஸ், சீப்பு, ரிமோட் முதலியவற்றுக்கு இந்தக் கூடை ஏற்றது. அழுக்கானால், அட்டை வைத்துத் தைத்திருந்தால் அந்தத் தையலைப் பிரித்து அட்டையை எடுத்துவிட்டு வாளியில் நனைத்துத் துவைத்து, நிழலில் தட்டையாகப் போட்டு உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் வடிவம் நீண்டுவிடும்.

எண்ணெய் டின்

15 கிலோ எண்ணெய் வரும் சதுர டின் ஏறத்தாழ 23 செ.மீ அகலமும் 35 செ.மீ உயரமும் கொண்டது. மேல்பகுதியை வெட்டி, கீலும் கொண்டியும் வைத்து மூடி போட்டு அரிசி, பருப்பு கொட்டி வைப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இன்றும் அதைவிடச் சிறந்த எலி புகாத பெட்டி மலிவாகக் கிடைப்பதில்லை. ஆனால் சமையலறைத் தட்டுகளுக்கு வேறொரு வடிவம் இன்னும் உதவும். டின்னைப் படுக்கவைத்து நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால், 35 செ.மீ நீளமும் பதினொன்றரை செ.மீ ஆழமும் உள்ள இரண்டு தட்டங்கள் கிடைக்கும். ஆழமான அலமாரியின் உட்கோடியில் உள்ள மசாலா பாட்டில்களை இதில் அடுக்கிவைத்தால், தட்டத்தையே முன்னால் இழுத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பின்வரிசைப் பொருள்களை மறந்துவிட்டுத் திரும்பவும் வாங்கும் செலவு இதனால் நின்றுவிடும்.

முதலில் டின்னுக்குள் இரண்டு கை மரத்தூளோ உமியோ போட்டுக் குலுக்கிக் கொட்டினால் ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அரப்புத் தூளும் இந்தப் பிசுக்கை நன்றாகவே எடுக்கும். கழுவியவுடன் வெயிலில் கவிழ்த்து முழுவதும் உலர்த்த வேண்டும், மூலைகளில் ஈரம் நின்றால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டும் வேலையைத் தகர வேலை செய்பவரிடம் கொடுப்பதே என் பரிந்துரை. வெட்டிய தகர விளிம்பு கத்திக்குச் சமம் என்பதால், விளிம்பை 1 செ.மீ உட்புறம் மடித்துச் சுத்தியலால் தட்டித் தரச் சொல்லுங்கள். அதற்குமேல், தோட்டத்தில் மிஞ்சிய 16 மி.மீ சொட்டுநீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பு முழுவதும் மாட்டிவிட்டால், குழந்தைகள் கைவைத்தாலும் அச்சமில்லை.

பெயின்ட் டப்பாவை ஆணி, கம்பி வைக்கப் பயன்படுத்தலாம். உணவுப் பொருளுக்கு ஒருபோதும் கூடாது. பூச்சிமருந்து வந்த டப்பாவையும் பாட்டிலையும் எத்தனை முறை கழுவினாலும் எந்த வேலைக்கும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. தோட்டத்து வீடுகளில் தண்ணீர் மொள்ளவும் விதை போட்டு வைக்கவும் அவற்றை எடுக்கும் பழக்கம் உண்டு. காலி செய்தவுடன் துளையிட்டுவிட்டால் பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது.

பைப்பு, கோன், அட்டை

110 மி.மீ பி.வி.சி. பைப்பைச் சாண் நீளத் துண்டுகளாக அறுத்து, அலமாரித் தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, தொடும் இடங்களில் பைப்பு ஒட்டும் பசையைத் தடவினால் தனித்தனிப் பொந்துகள் உள்ள அடுக்கு உருவாகும். சுருட்டிய துண்டு, பெல்ட், டை, சார்ஜர் ஒயர் எல்லாம் பொந்துக்கு ஒன்றாக நிற்கும். பைப்பை நேராக அறுக்க ஒரு எளிய வழி உண்டு: செய்தித்தாளைப் பைப்பைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, தாளின் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தச் செய்து, அந்த விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டு, அதன்மேல் ஆக்சா பிளேடால் அறுக்க வேண்டும்.

தறிக்கூடத்து அட்டைக் கோன் வளையலுக்கென்றே அமைந்தது. வளையலில் இரண்டேகால் என்று சொல்லும் 2-4 அளவு 57 மி.மீ உள்விட்டம் கொண்டது, 2-8 அளவு 63 மி.மீ. கோன் மேலே குறுகி அடியில் விரிவதால் வெவ்வேறு அளவு வளையல்களும் கலையாமல் அடுக்காக நிற்கும். கோனின் அடிப்பக்கத்தை ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, மேலே பழைய ரவிக்கைத் துணியைச் சுற்றிவிட்டால் போதும்.

மேசை இழுப்பறைக்குள் தடுப்பு வைக்க, பார்சல் வந்த நெளி அட்டையைப் பயன்படுத்துங்கள். உட்புற நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டினால்தான் தடுப்பு மடங்காமல் நிற்கும். ஒரு தடுப்பில் மேலிருந்து பாதி உயரத்துக்கும், குறுக்கே வரும் தடுப்பில் கீழிருந்து பாதி உயரத்துக்கும் பிளவு வெட்டி, ஒன்றில் ஒன்றைச் சொருகினால் பசையே தேவைப்படாது. பசை வேண்டும் இடத்தில் மைதா காய்ச்சுபவர்கள், பைண்டிங் செய்வோர் செய்வதுபோல் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் கரப்பான் அரிக்காது. துத்தம் நஞ்சு, காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், மிச்சப் பசையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

30 முட்டை பிடிக்கும் அட்டையில் பொத்தான், ஊக்கு, பாசி மணி போடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது ஈரத்தை எளிதில் இழுக்கும், உடைந்த முட்டையின் கசிவும் இருந்திருக்கலாம். கறையில்லாத அட்டையை மட்டும் எடுத்து, நன்கு வெயிலில் காயவைத்து, சமையலறைக்கு வெளியே பயன்படுத்துங்கள்.

ஜமக்காளமும் மஞ்சப்பையும்

கிழிந்த பவானி ஜமக்காளத்தைக் குப்பையில் போடுவது மனத்துக்கு வருத்தம் தரும் செயல். அவ்வளவு கனமான நெசவு, தொங்கும் பைக்கு மிகவும் ஏற்றது. கிழியாத பகுதியைக் கதவின் அகலத்துக்கு வெட்டி, நூல் பிரியாமலிருக்க உடனே ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து, அதன்மேல் சிறு துண்டுகளைப் பைகளாகப் பதியுங்கள். சாதாரணத் தையல் எந்திரம் திணறினால் கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு கையாலேயே தைத்துவிடலாம். மேல் மடிப்புக்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகிக் கதவுக்குப் பின்னால் மாட்டினால், செருப்பு, குடை, டார்ச் விளக்கு, மின்கட்டண அட்டை அனைத்தும் ஓரிடத்தில் இருக்கும்.

கல்யாணங்களில் கொடுக்கும் தாம்பூலப் பைகளும் மஞ்சப்பைகளும் எந்த வீட்டிலும் குவிந்திருக்கும். தமிழக அரசு 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அவை இன்னும் கூடியிருக்கின்றன. காற்றோட்டம் உள்ள பருத்திப் பையில் சின்ன வெங்காயமும் பூண்டும் பிளாஸ்டிக்கில் இருப்பதைவிட நீண்ட நாள் நிற்கும். பையின் பாதியை வெளிப்புறம் மடித்துவிட்டு ஆணியில் மாட்டினால் எடுப்பதும் சுலபம். மற்றவற்றில் பண்டிகைக்கு ஒரு பை என்று ஒதுக்கி, கார்த்திகை அகல், நவராத்திரிக் கொலுத் துணி, கோலப்பொடி என வைத்து, வெளியே பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதி அட்டாலியில் வரிசையாக அடுக்கலாம். உள்ளே ஒரு துண்டு வசம்போ காய்ந்த நொச்சி இலையோ போட்டுவைத்தால் பூச்சி அண்டாது.

பிளாஸ்டிக் அரிசிச் சாக்கை அட்டாலிப் பொருள்களை மூடப் பயன்படுத்தலாம். மொட்டைமாடியிலோ சன்னலோரத்திலோ வெயில் படும்படி வைத்தால் சில மாதங்களில் இழை இழையாக உதிரத் தொடங்கிவிடும் என்பதால் அதை நிழலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முன்பு, வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகிக் காப்புக் கட்டும் போகி நாளை ஒட்டி வீட்டை வெள்ளையடித்து ஒழுங்குபடுத்தும்போது இவை எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும் அட்டையும், ஓரம் துருவேறிய தட்டமும் தம் காலத்தை முடித்துக்கொண்டவை. முட்டை அட்டையையும் நெளி அட்டையையும் கிழித்து நனைத்துக் குப்பைக்குழியில் போட்டால் மண்ணோடு மண்ணாகும். தகரமும் பைப்பும் பழைய இரும்புக் கடைக்கு. பனியன் சடை நைந்துவிட்டால் பிரித்துத் தலையணைக்குள் திணிக்கலாம். பைப்பையும் அரிசிச் சாக்கையும் போகித் தீயில் போடவே கூடாது, அவற்றின் புகை நச்சுப்புகை.