ஸ்பூனை அந்தரத்தில் நிறுத்தாதீர்கள்: கைக்குழந்தைக்குச் சைகை பழக்குவோர் செய்யும் தவறுகள்

பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை கையால் பேசும் என்பது நம் வீடுகளுக்குப் புதிய செய்தி அல்ல. டாட்டா காட்டுவதும் சாமி கும்பிடுவதும் சைகைதான். பிள்ளைத்தமிழ் நூல்கள் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்று பிரித்து, குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவதற்கென்றே பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கின்றன. அதே வயதில் பால், தண்ணீர், தூக்கம், போதும் என்று நாலைந்து தேவைகளுக்கும் ஒரு கையசைவைப் பழக்கிவிட்டால், எதற்கு அழுகிறது என்று தெரியாமல் வீடே திணறும் நேரம் குறையும். அவ்வளவுதான் இந்த வித்தை.

இதை இளம் பெற்றோருக்குச் சொல்லித்தருவது என் வேலை. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பொறுமை வேண்டும், தினமும் செய்ய வேண்டும், ஒரே நாளில் இருபது சைகை கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீடியோவில் பார்த்ததை அப்படியே இறக்குவது

இணையத்தில் கிடைக்கும் குழந்தைச் சைகை வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து எடுத்தவை. அதில் பாலுக்கு, மடியைப் பீய்ச்சுவதுபோல் கையை மூடித் திறக்க வேண்டும். நம் வீட்டுக் குழந்தை முதன்முதலில் காட்டும் டாட்டா எப்படி இருக்கும்? அதுவும் கையை மூடித் திறப்பதுதான். ஒரு வீட்டில் பேரன் பசித்துக் கையை மூடித் திறக்க, பாட்டி "யாருக்குடா தங்கம் டாட்டா?" என்று கொஞ்சியபடி அவனை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பால் இருந்த அடுக்களை இன்னும் தூரமாகப் போக, குழந்தை வீறிட்டான். பாட்டியின் மேல் என்ன தவறு?

வீட்டில் ஏற்கெனவே புழங்கும் கையசைவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் தண்ணீர். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு. உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தால் தூக்கம். இரு கைகளையும் விரித்துக் காட்டினால் தீர்ந்தது. தாத்தா, பாட்டி, வேலைக்கு வரும் அக்கா என யாருக்கும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த நாலைந்து அசைவுகளுக்குச் 'சைகை மொழி' என்று பெயர் சூட்டுவதும் சரியல்ல. சைகை மொழி இலக்கணம் உடைய முழு மொழி. புது டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றன. வீட்டில் காது கேளாதவர் இருந்தால் குழந்தைக்கு அந்த மொழியையே பிறந்த நாளிலிருந்து கொடுங்கள். அது வேறு விஷயம், இதைவிடப் பெரிய விஷயம்.

"காட்டினால்தான் தருவேன்"

எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான்.

ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். பதினோரு மாதப் பையன். நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதம் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு ஸ்பூன் எடுத்து, குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நிறுத்தி, "எங்கே, காட்டு கண்ணா" என்றார். குழந்தை ஸ்பூனைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உடம்பையே முன்னால் சாய்த்தான். எதிரே இருந்த பலகையைப் பட்பட்டென்று தட்டினான். அப்பா அசையவில்லை. விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால்தான் கணக்கில் சேரும் என்பது அவர் கட்சி. குழந்தை கை தட்டினான். டாட்டா காட்டினான். சாமி கும்பிட்டான். தனக்குத் தெரிந்த வித்தை ஒவ்வொன்றையும் எடுத்து அப்பாவின் முன்னால் வைத்துப் பார்த்தான். எதற்கும் சோறு கிடைக்கவில்லை. கடைசியில் அழுதான். அழுததும் ஸ்பூன் வாய்க்குள் போனது.

அந்தச் சில நிமிடங்களில் அவன் கற்றது என்ன? கையைக் காட்டினால் எதுவும் நடக்காது, அழுதால் நடக்கும் என்பதைத்தான். அழுகையைக் குறைக்கத் தொடங்கிய காரியத்தில் அழுகைக்குத்தான் பரிசு கிடைத்தது. இதில் வேதனை என்னவென்றால், அவன் சொல்லாமல் இல்லை. பார்வை, திறந்த வாய், சாய்ந்த உடம்பு, பலகையில் விழுந்த தட்டல் என நான்கு விதமாகச் சொல்லிவிட்டான். ஐந்தாவது விதம் வேண்டும் என்று அடம்பிடித்தவர் அப்பா.

நடந்தது அதோடு போகவில்லை. சில வாரங்களில் அவன் ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரம் என்றால் மல்லுக்கட்டு என்று ஆகிவிட்டது. எடை ஏறவில்லை என்று அம்மா தவித்தார். வீட்டில் சைகைப் பேச்சையே நிறுத்திவிட்டு, குழந்தை தன் கையாலேயே அள்ளிச் சாப்பிடட்டும் என்று விட்ட பிறகுதான் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு அவர்களின் பசி, போதும் என்ற குறிப்புகளை அறிந்து ஊட்ட வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. குறிப்பைப் படிக்க வேண்டியவர் பெரியவர்.

பந்தியில் யாராவது வாய்விட்டுக் கேட்டால்தான் சாதம் போடுவோம் என்று நிற்கிறோமா? இலையைப் பார்த்தே போடுகிறோம். இலைமேல் கையை மறைத்தால் நிறுத்துகிறோம். முன்பின் தெரியாதவருக்குக் காட்டும் இந்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

"சும்மா கொடுத்தால் எப்படிக் கற்றுக்கொள்ளும்?" என்று கேட்பார்கள். பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். சோறு கொடுங்கள். கொடுக்கும் அந்தக் கணத்தில், குழந்தையின் கண் உங்கள் முகத்தில் இருக்கும்போது, விரலைக் குவித்துக் காட்டி "சோறு" என்று சொல்லுங்கள். அடுத்த வாய்க்கு முன்னால் மனத்துக்குள் மூன்று எண்ணும் நேரம் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். கை எழுந்தால் மகிழ்ச்சி. எழாவிட்டாலும் சோறு போய்ச்சேர வேண்டும். எட்டு மாதத்தில் தொடங்கினால் முதல் சைகை திரும்பி வர ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். தாய்ப்பாலிலும் தண்ணீரிலும் இந்தப் பேரம் அறவே கூடாது.

குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து நாமே ஆட்டிக் காட்டுவதும் இதே ரகம். இழுத்துக்கொள்ளும் கையை விட்டுவிடுங்கள்.

குழந்தையின் சைகையைத் திருத்துவது

கட்டைவிரலை மட்டும் தனியே நீட்டுவது பத்து மாதக் கைக்கு எளிதல்ல. தண்ணீர் கேட்கும்போது முழு முஷ்டியும் வாய்க்குள் போகும், சில சமயம் கன்னத்தில் போய் இடிக்கும். அதைத் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டு தண்ணீர் கொடுங்கள். நீங்கள் மட்டும் உங்கள் பழைய முறையிலேயே காட்டிக்கொண்டிருங்கள், விரல் பிறகு தானாகத் தேறும். சோற்றை 'மம்மு' என்று குழந்தை சொன்னால் நாம் திருத்துவதில்லையே.

குழந்தை தானே ஒரு சைகையைக் கண்டுபிடித்தால் அதைவிட நல்லது இல்லை. இந்தத் துறையின் ஆய்வுகளே அங்கிருந்துதான் கிளம்பின. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரெடோலோ, தன் மகள் பூவைக் கண்டால் முகர்வதுபோல் மூச்சை உறிஞ்சுவதைக் கவனித்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்த பாடம் அல்ல அது. அதன் பிறகுதான் சக ஆய்வாளர் சூசன் குட்வினுடன் சேர்ந்து மற்றக் குழந்தைகளையும் ஆராயத் தொடங்கினார். உங்கள் குழந்தை மின்விசிறியைப் பார்த்துக் கையைச் சுற்றினால், அந்தச் சுற்றலை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.

விருந்தாளிக்குச் செய்து காட்டச் சொல்வது

வேண்டாம்.

வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவது

சொல் இல்லாமல் சைகை இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

மூளை வளரும் என்று தொடங்குவது

சைகை பழகிய குழந்தை சீக்கிரம் பேசும், அறிவாளியாகும் என்று விளம்பரம் செய்வோர் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் உளவியல் ஆய்வாளர் எலிசபெத் கிர்க்கும் அவருடைய குழுவினரும் 40 குழந்தைகளை எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை தொடர்ந்து கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சைகை பழகிய குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முந்தவில்லை. மாறியது தாய்மார்கள்தான். சைகை பழக்கியவர்கள் குழந்தையின் சொல்லற்ற குறிப்புகளுக்குக் கூடுதலாகச் செவிசாய்த்தார்கள். எனக்கு இதுவே போதுமான லாபம். இதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அட்டையும் புத்தகமும் சேர்ந்த பெட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை.

சைகை வருகிறதே என்று காதைப் பார்க்காமல் விடுவது

கையால் கெட்டிக்காரத்தனமாகப் பேசும் குழந்தையைப் பார்த்து வீடு மயங்கிவிடும். வாயிலிருந்து 'பாபா', 'தாதா' என்ற மழலை வரவே இல்லை என்பது யார் கண்ணிலும் படாது. கேட்டால், "பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினாளே" என்பார்கள். பாத்திரத்தைத் தட்டும்போது நம் கை அசைவதை அவள் கடைக்கண்ணால் பார்த்திருக்கலாம், தரையின் அதிர்வை உணர்ந்திருக்கலாம். ஒரு சில ஒலிகள் மட்டும் கேட்கும் காதாகவும் இருக்கலாம். இது பரிசோதனை ஆகாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குதல் என்பதுதான் உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. காதுக்குள் சிறு கருவி வைத்துக் கேட்கும் திறனைப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையைப் பிறந்தபோது செய்யவில்லை என்றால் இப்போது செய்துவிடுங்கள். குழந்தை தூங்கும்போது செய்யலாம், வலி இருக்காது. அதில் சந்தேகம் எழுந்தால், ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச்சேர்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனைக்கு அனுப்புவார்கள். பன்னிரண்டு மாதம் ஆகியும் மழலை இல்லை, சுட்டிக்காட்டுவதோ டாட்டாவோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, அல்லது வந்த சொல்லோ சைகையோ காணாமல் போகிறது என்றால், "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்ற சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு உட்காராமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் போகலாம். காது கேட்கவில்லை என்று தெரிந்தாலும் சைகையை நிறுத்த வேண்டாம். அந்தக் குழந்தைக்கு இன்னும் நிறையச் சைகை தேவைப்படும்.