வெயிலைத் தாங்கி வழிந்து பூக்கும் தொங்கு தொட்டி: முதல்முறை வைப்பவர்களுக்கு

தொங்கு தொட்டிச் செடி கோடையில் கருகினால் வெயில்மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் சிக்கல் வேரில் இருக்கிறது. தரையில் நிற்கும் செடி வேரை ஆழத்துக்கு இறக்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொங்கும் தொட்டியில் அதற்கு வழியில்லை. சுற்றிலும் காற்று, அருகில் சூடேறிய சுவர், உள்ளே ஏழெட்டு லிட்டர் கலவை, அவ்வளவுதான். வெயிலுக்கு அஞ்சாத செடியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. வேர் காயாமலும் அழுகாமலும் காப்பதுதான் மீதி.

எந்தச் செடி?

முதல் தொட்டிக்கு டேபிள் ரோஸையே வையுங்கள். பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைத்திருப்பதால் ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் சாகாது. ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் இருக்கும். நேரடி வெயில் பட்டால்தான் மலரும். மேகமூட்டமான நாளில் மொட்டாகவே நிற்பது நோயல்ல.

அடுத்தது படரும் வகை நித்தியகல்யாணி. வாங்கும்போது படரும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை நிமிர்ந்தே வளரும். ஊதாப் பூ பூக்கும் படர் உண்ணிச்செடியும் நீலப் பூ தரும் ஈவால்வுலஸும் நல்ல தேர்வுகள். பெட்டூனியா பார்க்க அழகுதான், ஆனால் இரவும் சூடாக இருக்கும் பருவத்தில் பூ குறைந்து தண்டு நீண்டுவிடும். அதைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

நித்தியகல்யாணியும் உண்ணிச்செடியும் தின்றால் நஞ்சு. குழந்தைகளுக்கோ வளர்ப்புப் பிராணிகளுக்கோ எட்டும் உயரத்தில் தொங்கவிடக் கூடாது.

தொட்டியும் கொக்கியும்

வாய் அகலம் 30 செ.மீ., ஆழம் குறைந்தது 18 செ.மீ. இருக்கட்டும். 15 செ.மீ. சின்னத் தொட்டிகள் கோடையில் அரை நாளிலேயே காய்ந்துவிடும். நிறம் வெள்ளையோ வெளிர் நிறமோ நல்லது. கறுப்புத் தொட்டி வெயிலை இழுத்து ஓரத்து வேர்களைச் சுடும். அடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கைந்து துளைகள் வேண்டும்.

தென்னை நார்க் கூடையில் நாலா பக்கமும் ஈரம் ஆவியாகும். அதைத்தான் வைக்க வேண்டுமென்றால், உள்பக்கம் பிளாஸ்டிக் தாளை விரித்து அடிப்பகுதியில் மட்டும் துளையிடுங்கள்.

தண்ணீர் ஊற்றிய தொட்டி 10 கிலோவை எட்டலாம். அதைப்போல இருமடங்கு எடை தாங்கும் கொக்கியை மாட்டுங்கள். காற்றில் ஆடும்போது இழுவை இன்னும் கூடும்.

கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பாதீர்கள். நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் அது இறுகி, வேருக்குக் காற்றே போகாது. இந்த அளவு போதும்:

- கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்): 2 பங்கு
- நன்கு மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம்: 1 பங்கு
- பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல்: 1 பங்கு

டேபிள் ரோஸுக்கு மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். அதற்கு வடிகால்தான் முக்கியம். கோகோபீட்டைக் கழுவுவதைத் தவிர்க்காதீர்கள். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதில் தங்கும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பொடியான கலவையிலிருந்து ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கான இடம்தான் குறையும். துளைமேல் ஒரு துண்டு வலை வைத்தால் போதும்.

நடவு

டேபிள் ரோஸுக்கு விதை தேவையில்லை. 8 முதல் 10 செ.மீ. நீளத் தண்டுகளை வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவி, வெட்டிய முனை காய நிழலில் சில மணி நேரம் வையுங்கள். கலவையை விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை நிரப்பி, ஓரத்தில் ஆறு தண்டுகளை வெளிப்பக்கம் சாய்த்து நடுங்கள். நடுவில் இரண்டு தண்டுகள் நேராக. இந்த நடுத்தண்டுகளை நடாமல் விட்டால் பிற்பாடு தொட்டியின் நடுப்பகுதி வழுக்கையாகத் தெரியும். முதல் வாரம் வெளிச்சமான நிழல், பிறகு படிப்படியாக வெயில். நித்தியகல்யாணி நாற்றென்றால் மூன்று போதும். தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது.

கிளை ஒவ்வொன்றும் 10 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மொட்டு இருந்தாலும் கிள்ளத்தான் வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே புதுக் கிளைகள் வரும். அவை வளர்ந்ததும் மறுபடி ஒருமுறை. பூ இரண்டு வாரம் தள்ளிப்போகும், ஆனால் தொட்டி அடர்ந்து வழியும்.

தண்ணீர்

தொட்டி செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். தினமும் ஒரு குவளை என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை 3 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைக் கீழிருந்து தூக்கி எடை பாருங்கள். சில நாளில் கை பழகிவிடும். நித்தியகல்யாணிக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றலாம். டேபிள் ரோஸுக்குத் தொட்டி நன்றாக எடை குறைந்த பிறகுதான். ஊற்றினால் அடித்துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்று வெயிலில் மாட்டும். நேரம் அதிகாலை. இலைமேல் இல்லாமல் மண்ணில் ஊற்றுங்கள். நித்தியகல்யாணி ஈர இலையோடு இருந்தால் பூஞ்சை நோய் எளிதில் பற்றும்.

நடுப்பகலில் இலை துவண்டால் உடனே ஊற்றாதீர்கள். மண்ணில் ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும். மாலையிலும் நிமிராமல் மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். அந்நிலையில் இன்னும் ஊற்றினால் செடி போய்விடும்.

கலவை முழுதும் காய்ந்து ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால் ஊற்றும் நீர் அந்த வழியே ஓடிவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம், முக்கி எடுத்து வடியவிடுங்கள்.

உரம், இடம், பராமரிப்பு

அடிக்கடி வடியும் நீரோடு சத்தும் போய்விடும். வேர் பிடித்த பிறகு நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். டேபிள் ரோஸுக்கு மாதம் ஒருமுறை போதும். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றினால் வேர் கருகும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் செழிக்கும்.

தினமும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். குறைந்தால் தண்டு நீண்டு பூ நின்றுவிடும். மேற்குச் சுவரை ஒட்டித் தொங்கவிடாமல் ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள். வாரம் ஒருமுறை கால்சுற்று திருப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வழியும்.

கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

மூன்று நான்கு மாதத்தில் டேபிள் ரோஸ் தண்டுகள் கீழே பூத்து, மேலே மொட்டையாகும். அப்போது தயங்காமல் நீளத்தில் பாதியை வெட்டி, வெட்டிய துண்டுகளை அதே தொட்டியின் நடுவில் நட்டுவிடுங்கள்.